பந்தி விசாரிப்பவரை மாற்றலாமா?



கணினி உலகில் நடந்த ஒரு நீண்ட வழக்கைச் சொல்லி, அதன் வழியே நம் வகுப்பறைகளைப் பற்றிய ஒரு கருத்தை உங்கள்முன் வைக்க விழைகிறேன். லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்குவோர் 2004-இலிருந்து 2024 வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், ஒரே கேள்வியைச் சுற்றி வாதிட்டனர். இறுதியில் ஒரு முடிவுக்கு வந்தனர். அந்த முடிவு மாசாயில் உள்ள ஒரு தொடக்கப்பள்ளி வகுப்பறைக்கும், அவ்வகுப்பில் படிக்கும் பிள்ளையின் வீட்டுக்கும் பொருந்தும் என்பது என் துணிபு.

லினக்ஸ் நமக்குத் தொலைவான பொருளன்று. ஆண்ட்ராய்டு திறன்பேசி வைத்திருக்கும் ஒவ்வொரு பெற்றோரின் சட்டைப்பையிலும் அது இருக்கிறது. பள்ளிகளில் மாணவர் பயன்படுத்தும் குரோம்புக் மடிக்கணினிகளின் உள்ளேயும் அதுதான் இருக்கிறது. திறன்பேசி வாங்கும்போது நினைவகம் எவ்வளவு, ஒளிப்படக் கருவி எப்படி, விலை என்ன என்று கேட்கிறோம். பத்து வேலைகள் ஒரே நேரத்தில் வந்து நின்றால் எதற்கு முதலில் வழிவிடுவது என்று அக்கருவிக்குள் முடிவு செய்வது யார் என நாம் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அந்த ‘யார்’ என்பதைப் பற்றியது.

பந்தியும் கணினியும்

கோயில் அன்னதானத்தை எண்ணிப் பாருங்கள். நூறு இலை போட்டாயிற்று. பரிமாறுபவர் ஒருவரோ இருவரோதான். அங்கே பந்தி விசாரிப்பவர் என ஒருவர் நிற்பார். அவர் கரண்டியைத் தொடுவதில்லை. எந்த இலையில் சோறு தீர்ந்தது, எந்த மூலையில் குழந்தை காத்திருக்கிறது, யாருக்கு இன்னும் சாம்பார் போய்ச் சேரவில்லை என்று பார்த்துப் பரிமாறுபவரை அனுப்புவதே அவர் வேலை. அவர் நல்லவராக வாய்த்தால் கடைசி இலைக்கும் சோறு சூடாக வரும். வாய்க்காவிட்டால், உரக்கக் கேட்பவருக்கு மூன்றுமுறை கிடைக்கும். வாய் திறவாதவர் வெறும் இலையோடு உட்கார்ந்திருப்பார்.

கணினியில் பரிமாறுபவர் மையச் செயலகம். இலைகள், நாம் திறந்து வைத்திருக்கும் பணிகள். பந்தி விசாரிப்பவர், இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலில் இருக்கும் ஒரு நிரல். அதனை ஆங்கிலத்தில் ஷெட்யூலர் என்பர். இங்கே நான் அதனை ‘முறைவகுப்பான்’ என்று அழைக்கிறேன்.

பிள்ளை இணையவழி வகுப்பில் இருக்கிறாள். ஆசிரியரின் குரல் வரவேண்டும், படம் அசையவேண்டும், அதே நேரத்தில் படங்கள் மேகக் கிடங்குக்கு ஏறுகின்றன, ஏதோ ஒரு செயலி தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. திரையில் படம் நொடிக்கு 60 முறை மாறவேண்டுமானால், ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது ஏறத்தாழ 16 மில்லிநொடியே. ஒரு நொடியை ஆயிரமாகக் கூறிட்டால் வருவது ஒரு மில்லிநொடி. அந்த 16 கூறுகளுக்குள் முறைவகுப்பான் சரியான பணிக்கு முறை தரவில்லையென்றால் படம் உறைகிறது, குரல் அறுகிறது. “இந்தக் கைப்பேசி மெதுவானது” என்று நாம் சலித்துக்கொள்கிறோம். சில வேளைகளில் குறை வேகத்தில் இல்லை, முறைவைப்பில் இருக்கிறது.

நியாயம் ஒன்றா, பலவா?

முறைவைப்பில் நியாயம் என்றால் என்ன? மூன்று விடைகள் உள்ளன.

முதல் விடை, எல்லாருக்கும் சமபங்கு. இரண்டாம் விடை, கேட்டவுடன் மறுமொழி. விசையைத் தட்டியதும் எழுத்து திரையில் வரவேண்டும். பின்னால் ஓடும் பெரிய கணக்கு சற்றுப் பொறுக்கலாம். மூன்றாம் விடை, நாள் முடிவில் மொத்தமாக எவ்வளவு வேலை முடிந்தது என்பது.

இம்மூன்றும் ஒன்றோடொன்று முரண்படுபவை. முப்பது மாணவர் உள்ள வகுப்பில் முப்பது நிமிடப் பாடவேளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு நிமிடம் என்று சமமாகப் பிரித்தால், ஆசிரியர் ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குப் போய், அம்மாணவனின் ஏட்டைத் திறந்து, எங்கே நின்றான் என்று பார்ப்பதற்குள் நிமிடம் தீர்ந்துவிடும். கணினிக்கும் இதே இடர் உண்டு. ஒரு பணியை நிறுத்தி மறு பணியைத் தொடங்க அதற்கும் நேரச் செலவு இருக்கிறது. அடிக்கடி மாற்றினால் மறுமொழி விரைவாகும். மொத்த வேலை குறையும். அரிதாக மாற்றினால் மொத்த வேலை கூடும், காத்திருப்போர் வாடுவர்.

முன்னுரிமை கொடுத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். முன்னுரிமை உள்ள பணிகள் வந்துகொண்டே இருந்தால், கீழே இருக்கும் பணிக்கு முறையே வராது. கணினி அறிவியலார் இந்நிலைக்கு இட்ட பெயர் ‘பட்டினி’. இதைத் தவிர்க்க, காத்திருக்கக் காத்திருக்க ஒரு பணியின் முன்னுரிமையைச் சிறிது சிறிதாக உயர்த்தும் உத்தியையும் அவர்கள் வகுத்திருக்கிறார்கள்.

இன்னொரு வகைச் சிக்கலும் உண்டு. 1997 ஜூலை 4-ஆம் நாள் செவ்வாய்க் கோளில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி, சில நாள்களில் தானாகவே நின்று மீண்டும் தொடங்கலாயிற்று. காரணம் வியப்பானது. வானிலைத் தரவு திரட்டும் பணி அங்கே முன்னுரிமை குறைந்தது. முதன்மையான ஒரு பணிக்குத் தேவைப்பட்ட பொதுவளம் அதன் கையில் இருந்தது. இடைநிலைப் பணிகள் குறுக்கே புகுந்து அதற்கு முறை கிடைக்காமல் செய்தன. கீழே இருந்தது நகரவில்லை. ஆகவே மேலே இருந்ததும் நகரவில்லை. பொதுவளத்தை வைத்திருக்கும் வரையில் அந்தச் சிறு பணியின் முன்னுரிமையை உயர்த்திவைக்கும் ஏற்பாட்டைப் பூமியிலிருந்து இயக்கிச் சரிசெய்தனர். கடைசி வரிசை மாணவனைக் கவனிக்காத குழுப்பணி எங்கே போய் நிற்கும் என்பதை அறிந்த ஆசிரியருக்கு இது புதிய செய்தியாகத் தோன்றாது.

2007-இல் நடந்த வழக்கு

இனி அந்த இருபதாண்டு விவாதத்துக்கு வருவோம்.

லினக்சை 1991-இல் தொடங்கியவர் ஃபின்லாந்தைச் சேர்ந்த லினஸ் டோர்வால்ட்ஸ். நம் நாட்டில் 2010-இல் தொடங்கிய ‘லினஸ்’ எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டத்தை ஆசிரியர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பெயர் ஒற்றுமை தற்செயலானதே. எனினும், மூன்றாண்டுத் தொடக்கக் கல்விக்குள் எந்தப் பிள்ளையும் எழுத்தறிவு இல்லாமல் விடுபடக்கூடாது என்ற அத்திட்டத்தின் நோக்கம், ‘எப்பணியும் பட்டினி கிடக்கலாகாது’ என்பதற்கு மிக அருகில் நிற்கிறது.

2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6 பதிப்பில் ஹங்கேரி நாட்டவரான இங்கோ மோல்னார் எழுதிய முறைவகுப்பான் இருந்தது. பணிகள் எத்தனை இருந்தாலும் அடுத்தது எது என்று தேர்ந்தெடுக்க ஒரே அளவு நேரமே எடுக்கும் திறமை அதற்கு உண்டு. பெரிய சேவையகங்களுக்கு அது மிக ஏற்றது. ஆனால், எது பயனர் நேரடியாகத் தொட்டு இயக்கும் பணி, எது பின்னணிப் பணி என்பதை அது ஊகித்தே அறிந்தது. ஊகம் தவறியபோது, வீட்டுக் கணினியில் பாட்டு அறுந்தது, சுட்டி தடுமாறியது.

இக்குறையைப் போக்க முனைந்தவர் கோன் கொலிவாஸ். அவர் ஆஸ்திரேலியாவில் மயக்க மருந்து மருத்துவர். கணினி நிரல் எழுதுவது அவருக்குத் தொழிலன்று, ஈடுபாடு. பெரிய நிறுவனங்களின் சேவையகங்களுக்காகவே யாவும் வடிவமைக்கப்படுகின்றன, வீட்டில் ஒரு கணினி வைத்திருப்பவரை யாரும் நினைப்பதில்லை என்பது அவருடைய குறை. 2004-இல் அவர் ஓர் ஏற்பாட்டை முன்வைத்தார். முறைவகுப்பானைக் கெர்னலோடு ஒட்டித் தைக்காமல், கழற்றி மாட்டத்தக்கதாக வைப்போம். பலவற்றுள் வேண்டியதை அவரவர் தேர்ந்துகொள்ளட்டும் என்பதே அது. பின்னர்ப் பீட்டர் வில்லியம்ஸ் என்பவர் அவ்வேற்பாட்டைப் பராமரித்தார்.

டோர்வால்ட்சும் மோல்னாரும் அதை ஏற்கவில்லை. அவர்களுடைய காரணங்களை ஒதுக்கிவிட முடியாது. முறைவைப்பின் நன்மை தீமையை அளந்து பார்க்க முடியும். ஆகவே பலவற்றை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் அரைகுறையாக விடுவதைவிட, எல்லாரும் சேர்ந்து ஒன்றையே செம்மைப்படுத்துவது மேல் என்றனர். தேர்வு இருந்தால், குறை கண்டவர் அதைச் சொல்லித் திருத்தாமல் வேறொன்றுக்கு மாறிப் போய்விடுவார் என்ற அச்சமும் இருந்தது.

2007 மார்ச்சில் கொலிவாஸ், ஊகத்தை விலக்கி நேர்மையான பங்கீட்டை அடிப்படையாகக் கொண்ட புதிய முறைவகுப்பான் ஒன்றை வெளியிட்டார். அடுத்த மாதமே மோல்னார், ‘முற்றிலும் நியாயமான முறைவகுப்பான்’ என்ற பொருள்படும் பெயரில் தம்முடையதை எழுதி வெளியிட்டார். நியாயப் பங்கீடு இயலும் என்று காட்டியவர் கொலிவாசே என்பதை அவர் தம் அறிவிப்பில் ஒப்புக்கொண்டார். டோர்வால்ட்ஸ் தேர்ந்தது மோல்னாருடையதை. கொலிவாஸ் அவ்வாண்டு ஜூலையில் கெர்னல் பணியிலிருந்து விலகினார். அக்டோபரில் வந்த 2.6.23 பதிப்பிலிருந்து மோல்னாரின் முறையே நிலைபெற்றது.

அதன் அடிப்படை எளியது. ஒவ்வொரு பணிக்கும் இதுவரை கிடைத்த நேரத்தைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டே வரும். யாருக்கு மிகக் குறைவாகக் கிடைத்ததோ அவருக்கே அடுத்த முறை. பதினாறு ஆண்டுகள் உலகெங்கும் கோடிக்கணக்கான கருவிகளில் இம்முறையே நடந்தது. 2023 அக்டோபரில் வந்த 6.6 பதிப்பில், அயோன் ஸ்டோய்க்காவும் உசேன் அப்தெல்-வகாபும் 1990-களில் வகுத்த ஒரு கோட்பாட்டின்படி பீட்டர் ஸைல்ஸ்ட்ரா அதனைத் திருத்தியமைத்தார். பங்கு சமமாக இருப்பதோடு, யாருக்கு எப்போது வேண்டும் என்பதையும் புதிய முறை கணக்கில் கொண்டது. ஆயினும், ஒன்றே எல்லாருக்கும் என்ற கொள்கை மாறவில்லை.

நீர்க்கட்டி அறிந்த உண்மை

நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இதே கேள்வி வேறு வடிவில் இருந்தது. ஏரியும் கண்மாயும் உள்ள ஊர்களில், மடையைத் திறந்து மூடி வயல்களுக்கு நீரைப் பிரித்துவிட ஒருவரை ஊர் நியமித்திருந்தது. நீர்க்கட்டி, மடையர், நீர்பாய்ச்சி என வட்டாரத்துக்கு ஒரு பெயர். அறுவடையின்போது அவருக்கு நெல் அளப்பார்கள். எல்லார் களத்திலிருந்தும் நெல் வருவதால், எல்லா வயலும் விளைவதே அவருக்கு நன்மை.

ஏரி நிறைந்திருக்கும் காலத்தில் கட்டுப்பாடு மிகுதி இல்லை; நீர் தடையின்றி ஓடும். நீர்மட்டம் இறங்கியதும் ஊர் கூடிப் பேசி முறைப்பாசனத்துக்கு மாறும். இன்னார் வயலுக்கு இவ்வளவு நேரம் என்று நீர்க்கட்டி முறைவைத்துப் பாய்ச்சுவார். நிலத்துக்காரரே ஆனாலும் தாமாக மடையைத் தொடக்கூடாது. மழை பெய்து ஏரி நிறைந்தால் மீண்டும் பழைய வழக்கம்.

இதில் இரண்டு செய்திகள் உள்ளன. அதே ஏரி, அதே வயல்கள். ஆனாலும் பருவத்துக்கு ஏற்ப முறை மாறியது. மாறிய முறையை ஆளாளுக்கு மாற்றவில்லை. ஊர் அறிய மாற்றினர், திரும்பி வரும் வழியை வைத்துக்கொண்டே மாற்றினர். லினக்ஸ் உலகம் இதே இடத்துக்கு வந்து சேர 2024 ஆயிற்று.

2024-இல் வந்த தீர்வு

2022 நவம்பரில் மேட்டா நிறுவனத்தின் தேஜுன் ஹியோ, டேவிட் வெர்னெட் முதலியோர் பழைய கேள்வியைப் புதிய ஏற்பாட்டோடு கொண்டுவந்தனர். அதன் பெயர் ‘ஷெட்-எக்ஸ்ட்’. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே, வெளியிலிருந்து ஒரு முறைவகுப்பானைக் கெர்னலுக்குள் ஏற்றலாம்; வேண்டாமென்றால் இறக்கலாம்.

எதிர்ப்பு கடுமையாகவே இருந்தது. நிறுவனங்கள் தத்தமக்கு ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு பொதுவான ஒன்றை மேம்படுத்தும் பொறுப்பிலிருந்து நழுவிவிடும் என்று ஸைல்ஸ்ட்ரா முதலியோர் வாதிட்டனர். 2007-இல் சொல்லப்பட்ட அதே அச்சம்தான். ஆயினும் 2024-இல் டோர்வால்ட்ஸ் ஏற்பதென முடிவு செய்தார். அவ்வாண்டு நவம்பரில் வந்த 6.12 பதிப்பில் அது இடம்பெற்றது.

முன்பு மறுக்கப்பட்டது இப்போது ஏற்கப்பட்டது எவ்வாறு? இம்முறை வந்த ஏற்பாட்டில் மூன்று காப்புகள் இருந்தன.

முதலாவது, முன்சோதனை. ஏற்றப்படும் நிரலைக் கெர்னலில் உள்ள ஒரு சரிபார்ப்பி முதலில் ஆராயும். முடிவின்றிச் சுழலுமா, தொடக்கூடாத நினைவகத்தைத் தொடுமா என்று பார்த்து, ஐயம் இருந்தால் உள்ளே விடாது.

இரண்டாவது, காவல். ஓடத் தயாராக உள்ள ஏதேனும் ஒரு பணிக்குக் குறித்த காலத்துக்குள் முறை கிடைக்கவில்லையெனில், முறைவகுப்பான் தோற்றதாகவே கொள்ளப்படும். அக்கால எல்லை 30 நொடியைத் தாண்டலாகாது. கவனியுங்கள். சராசரி வேகம் என்ன, மொத்தம் எத்தனை வேலை முடிந்தது என்பதெல்லாம் இங்கே கேள்வியே இல்லை. ஒரே ஒரு பணி பட்டினி கிடந்தாலும் போதும்.

மூன்றாவது, திரும்பும் வழி. தோற்ற முறைவகுப்பான் வெளியேற்றப்படும். எல்லாப் பணிகளும் இயல்பான பொது முறைக்குத் தானாகவே திரும்பும். கணினி நிற்காது. பயனரும் விசைப்பலகையில் ஒரு விசைச் சேர்க்கையை அழுத்தி எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம்.

இக்காப்புகள் வந்தபின் பலர் துணிந்து முயன்று பார்க்கின்றனர். கையில் ஏந்தி விளையாடும் ‘ஸ்டீம் டெக்’ கருவியில் படம் தடுமாறாதிருப்பதை நோக்கி இகாலியா நிறுவனத்தின் சாங்வூ மின் ஒன்றை உருவாக்கினார். பெரிய தரவு மையங்களுக்கென வேறு சில உருவாயின. விளையாட்டுக் கருவிக்கு ஏற்றது தரவு மையத்துக்கும் ஏற்றதாக இருந்தே தீரவேண்டும் என்று எவரும் வற்புறுத்தவில்லை.

வகுப்பறைக்கு என்ன பொருள்?

என் கருத்து இதுதான். ஒரு பொது முறை இருக்கட்டும். அதனைத் தேவைக்கேற்ப மாற்றும் உரிமை, வேலை நடக்கும் இடத்தில் இருப்பவருக்கு வேண்டும். அவ்வுரிமைக்கு முன்சோதனை, காவல், திரும்பும் வழி ஆகிய மூன்றும் வேலியாக வேண்டும்.

வகுப்பறையில் பங்கிடப்படும் வளம் ஆசிரியரின் கவனம். அதனைப் பங்கிடும் முறையை வெகுகாலம் தேர்வுகளே வகுத்துத் தந்தன. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நிறுத்தப்படும் வரையில், ஆறாம் ஆண்டு வகுப்புகளில் கவனம் எங்கே குவிந்தது என்பதை நாம் அறிவோம். எந்தப் பள்ளியையும் சுட்டிக்காட்டி இதனைச் சொல்லவில்லை. ‘ஏ’ பெறக்கூடியவர்களுக்கு ஒரு கூடுதல் வகுப்பு. தேர்ச்சியின் விளிம்பில் நின்றவர்களுக்கு இன்னொன்று. எப்படியும் தேறமாட்டான் என்று கருதப்பட்டவனுக்கு ஒரு மூலை. விழுக்காடு உயர்ந்தது. அதாவது மொத்த விளைச்சல் கூடியது. பட்டினியும் கூடவே இருந்தது. கணினியாக இருந்திருந்தால் 30 நொடியில் அம்முறையை வெளியேற்றியிருக்கும். நாமோ ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தோம்.

அதற்காக, ‘எல்லாருக்கும் சமம்’ என்ற ஒற்றை முறையைக் கொண்டுவந்து அதையும் கல்லில் எழுதிவிடுவது விடையாகாது. வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கும் சரளமாக வாசிக்கும் பிள்ளைக்கும் ஒரே அளவு நிமிடம் கொடுப்பதில் கணக்குச் சரியாக இருக்கும், நியாயம் இருக்காது.

வகுப்பறை மதிப்பீட்டில் பிள்ளைகளை 1 முதல் 6 வரை அடைவுநிலைகளில் குறிக்கிறோம். அப்பதிவேட்டைப் பெரும்பாலும் ஆண்டிறுதி அறிக்கைக்காகவே நிரப்புகிறோம். லினக்சின் முறைவகுப்பான் தன் பதிவேட்டை வேறு நோக்கில் பயன்படுத்துகிறது. ‘யாருக்குக் குறைவாகக் கிடைத்தது? அடுத்தது அவர்’ என்று அடுத்த கணமே அதைப் பார்த்து முடிவெடுக்கிறது. நம் பதிவேடும் அடுத்த வாரப் பாடத்திட்டத்தைத் தீர்மானிக்கட்டும். அப்போது அதற்கு உயிர் வரும்.

குறைநீக்கல் வகுப்பு, வேறொரு முறைவகுப்பானிடம் பிள்ளையைச் சில காலம் ஒப்படைக்கும் ஏற்பாடே ஆகும். அது நல்ல ஏற்பாடு. ஆனால், எந்த நிலை வந்ததும் பிள்ளை பொது வகுப்புக்குத் திரும்புவான் என்பது முதல் நாளே பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரும்பும் வழி தெரியாத பிள்ளைக்கு அது தண்டனையாகவே படும்.

ஆசிரியர்க்கு ஆசிரியர் முறை மாறினால், பள்ளி மாறி வரும் பிள்ளை தடுமாறாதா என்று சிலர் கேட்பர். வேலை காரணமாகக் குடும்பங்கள் அடிக்கடி இடம்பெயரும் நம் வட்டாரத்தில் அது நியாயமான கேள்வி. ஆகவேதான் பொது முறையை அழிக்கச் சொல்லவில்லை. ஷெட்-எக்ஸ்ட் வந்தபின்னும் இயல்பான முறைவகுப்பான் தன் இடத்திலேயே இருக்கிறது. எதுவும் சரிவராதபோது போய்ச் சேரும் வீடு அதுவே. கலைத்திட்டமும் அவ்வாறே இருக்கட்டும்.

ஓர் எல்லையையும் மறக்கலாகாது. கணினியில் ஒரு முறை தவறினால் இழப்பு அரை நிமிடம். வகுப்பறையில் தவறினால் பிள்ளையின் ஓராண்டு போகும். அந்த ஆண்டை இறக்கி மீண்டும் ஏற்ற முடியாது. எனவே நம் காவல் இன்னும் விழிப்பாக வேண்டும். என் பரிந்துரை எளியது. புதிய முறை எதையும் நான்கு வாரத்துக்கு மேல் சோதனையின்றி நடத்தக்கூடாது. நான்காம் வாரத்தில் சராசரி மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன், “இந்நான்கு வாரத்தில் ஒருமுறைகூட என்னிடம் தனியாகப் பேசாத பிள்ளை யார்?” என்று பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பெயர் அகப்பட்டாலும் முறையைத் திருத்த வேண்டும்.

வீட்டுக்கு என்ன பொருள்?

மாசாயில் விடியுமுன் சிங்கப்பூருக்குப் புறப்படும் தந்தையர் உண்டு. பாசிர் கூடாங் தொழிற்சாலைகளில் இரவுநேரப் பணி செய்யும் தாயாரும் உண்டு. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் பிள்ளைகள் வீட்டிலிருந்து படித்தபோது, பல வீடுகளில் ஒரே திறன்பேசி. அதுவும் பகலில் வேலைக்குப் போன பெற்றோரின் கையில். காலை எட்டு மணிக்கு இணையவழி நேரடி வகுப்பு என்பது அப்பிள்ளைகளைப் பொறுத்தவரையில் முறை வராத முறையாகவே இருந்தது. கல்வி அமைச்சின் இல்லிருப்புக் கற்றல் கையேடு இணையவழியை மட்டும் வற்புறுத்தவில்லை; இணையமில்லா வழியையும் ஏற்றுக்கொண்டது. அந்த மாற்று வழியை எடுத்துப் பயன்படுத்திய இடங்களில், இரவில் குரல்பதிவு கேட்டும் தாளில் எழுதியும் பிள்ளைகள் தொடர்ந்து படித்தனர். மாற்றும் உரிமை ஏட்டில் இருப்பதும், அதைக் கையில் எடுத்துப் பயன்படுத்துவதும் வேறு வேறு என்பதை அக்காலம் நமக்குக் காட்டியது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் டியூஷன் அட்டவணையை அப்படியே நம் பிள்ளைமேல் ஏற்றாதீர்கள். இரவுப் பணி முடிந்து தாய் வீடு திரும்பும் காலைப்பொழுதே ஒரு வீட்டுக்கு ஏற்ற நேரமாக இருக்கலாம். பள்ளி மாலையில் நடந்தால் அந்நேரத்தில் உட்கார்ந்து வாசிக்கலாம். வேறொரு வீட்டுக்கு இரவு எட்டு மணி ஏற்றதாகலாம். எதை வகுத்தாலும் மூன்றைக் கேளுங்கள்: சிறிதாகத் தொடங்கிச் சோதித்தோமா? உறக்கம், விளையாட்டு, தாய்மொழி வாசிப்பு ஆகியவற்றுள் ஒன்றேனும் பட்டினி கிடக்கிறதா? சரிவராவிட்டால் பழையதற்குத் திரும்ப மனம் இருக்கிறதா?

ஆசிரியர்களுக்கும் ஒன்று. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் நிரலாக்கத்தின் அடிப்படையைக் கற்பிக்கும்போது, கட்டளைகளை வரிசைப்படுத்துவதோடு நின்றுவிடாதீர்கள். ஐந்து மாணவரைப் பணிகளாக நிறுத்துங்கள், ஒருவரை முறைவகுப்பானாக்குங்கள், விதியை அவரே எழுதட்டும். பிறகு விதியை மாற்றச் சொல்லுங்கள். யாருக்கு முறை வரவில்லை என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். எந்திரத்தின் ஒவ்வொரு முடிவுக்குப் பின்னாலும் ஒரு மனிதர் எழுதிய விதி இருக்கிறது, அவ்விதியைக் கேள்வி கேட்கலாம், காரணம் காட்டி மாற்றலாம் என்பதைப் பத்து வயதில் ஒரு பிள்ளை உணர்ந்துவிட்டால், அதைவிடச் சிறந்த கணினிக் கல்வி வேறில்லை.

உங்கள் வகுப்பிலோ வீட்டிலோ முறையை மாற்றிப் பார்த்த பட்டறிவு இருந்தால் எழுதுங்கள். பலன் தந்ததை எழுதுங்கள். பலன் தராமல் பழைய முறைக்குத் திரும்பியதையும் தயங்காமல் எழுதுங்கள். இரண்டாவது வகைச் செய்தியே மற்ற ஆசிரியர்களுக்கு மிகுதியும் பயன்படும்.